ஓடுகிற வயதில் விலை இல்லை: சேக்வான் பார்க்லியும் ரன்னிங் பேக் பிழைப்பும்

2023 சீசனில் சேக்வான் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக 3.9 யார்டுதான் கிடைத்தது, மொத்தம் 962 யார்டு. அடுத்த வருடம் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குப் போனார், சராசரி 5.8 ஆனது, மொத்தம் 2,005. ஆள் அதே ஆள்தான், வயது மட்டும் ஒன்று கூடியிருந்தது. கையில் இருந்த வைரத்தை ஜயன்ட்ஸ் தூக்கி எறிந்துவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் கிண்டலடித்தார்கள். எனக்கென்னவோ அந்தக் கிண்டலில் பாதிதான் நியாயம் என்று படுகிறது. 3.9க்கும் 5.8க்கும் நடுவே இருப்பது பார்க்லியின் கால் மட்டும் இல்லை, ரன்னிங் பேக் வேலைக்கு அமெரிக்கக் கால்பந்தில் விலை வைக்கும் முறையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேற இரண்டு வழி. ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தை ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு எறியலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் பந்தை வைத்து அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அதன்பிறகு ஓடுவது அவன் பாடு. முன்னால் ஐந்து லைன்மேன்கள், ஒவ்வொருவரும் 130, 140 கிலோ, எதிரணியின் அதே அளவு ஆட்களை முட்டித் தள்ளி ஒரு சந்து உண்டாக்கப் பார்ப்பார்கள். அந்தச் சந்து திறந்து மூடுவதற்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தால் அடுத்த வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. பத்தில் எட்டு முறை அந்த ஓட்டம் முடிவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவனைத் தரையில் சாய்ப்பதில்தான். இதை ஒரு ஆட்டத்தில் 20 தடவை செய்ய வேண்டும். ஓடாத நேரத்தில் சும்மா நிற்கவும் விடமாட்டார்கள். குவார்ட்டர்பேக் மேல் பாய வருகிறவனைக் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும், அல்லது வெளியே ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும்.

பார்க்லி இதற்கென்றே செய்து வைத்த உடம்பு. ஆறடி உயரம், 2018ல் எடை சுமார் 105 கிலோ, அந்த எடையோடு 40 யார்டை 4.40 விநாடியில் கடந்தார். 102 கிலோ பளுவை மல்லாந்து படுத்துக்கொண்டு 29 முறை தூக்கினார். அவருடைய தொடைகளுக்கு ரசிகர்கள் தனியாகப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். நியூயார்க் பிராங்ஸில் பிறந்து, சின்ன வயதிலேயே பென்சில்வேனியாவின் கோப்லே என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு வந்து, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஜயன்ட்ஸ் அணிக்குப் போனார்.

டிராஃப்ட்தான் முதல் முடிச்சு. கல்லூரியிலிருந்து வருகிறவர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிகள் முதலில் எடுக்கும், எடுக்கப்பட்டவர் அங்கேதான் ஆட வேண்டும். 2011ல் என்எஃப்எல் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சம்பளத்திலும் பேரம் பேச இடமில்லாமல் போனது, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாயோ அதற்கு ஏற்ற தொகை. முதல் சுற்றில் வந்தவருக்கு நான்கு வருடம், ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு. சரி, ஐந்து முடிந்ததும் விடுதலையா என்றால் அதுவும் இல்லை. ஃபிரான்சைஸ் டேக் என்று ஒன்று இருக்கிறது, அந்த ஆட்டநிலையில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர்களின் சராசரியைக் கணக்கிட்டுக் கொடுத்து அணி அவரை இன்னொரு வருடம் பிடித்து வைக்கலாம். அதற்கடுத்த வருடமும் 20 சதவீதம் கூட்டிக் கொடுத்து மறுபடி செய்யலாம்.

கூட்டிப் பாருங்கள். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் லீக்குக்குள் வர முடியாது, அதனால் 21 வயது. அதற்கு மேல் ஐந்து, ஆறு, ஏழு வருடம். வெளிச்சந்தையில் தன் விலையைக் கேட்கும் நேரம் வரும்போது 27, 28 ஆகிவிடும். குவார்ட்டர்பேக்குக்கு அது பிரச்சினையே இல்லை, டாம் பிரேடி 43 வயதில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். ரன்னிங் பேக்குக்கு 27 என்பது பெரும்பாலும் உச்சம் தாண்டிய வயது. அதாவது இந்த ஆட்டநிலையில் ஒருவன் எப்போது நன்றாக ஓடுகிறானோ அப்போது அவனுக்குப் பேரம் பேச உரிமை இல்லை, உரிமை வரும்போது கால் பழையபடி இல்லை. பொதுவாக என்எஃப்எல்லில் ரன்னிங் பேக்கின் சராசரி ஆட்டக்காலம் மூன்று வருடத்துக்கும் குறைவு என்றுதான் சொல்வார்கள், ஆக நிறையப் பேர் அந்தப் பேரப் பேச்சின் வாசல்வரைகூட வருவதில்லை.

பார்க்லிக்கு அந்த ஐந்து ஆறு வருடத்தில் என்ன நடந்தது? முதல் வருடம் பிரமாதம். 1,307 யார்டு ஓட்டம், 91 கேட்ச், ஓடியதும் பிடித்ததும் சேர்த்து 2,028 யார்டு, சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது. இரண்டாவது வருடம் கணுக்கால் சுளுக்கு, அப்படியும் ஆயிரத்தைத் தொட்டார். 2020 செப்டம்பர் 20ஆம் தேதி சிகாகோவில், சீசனின் இரண்டாவது ஆட்டம், எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடியவரைப் பிடித்துத் தள்ளியதில் வலது முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அந்த வருடம் மொத்தமே 34 யார்டு. திரும்பி வந்த 2021ல், டாலஸ் ஆட்டத்தில், பந்தே தன்னிடம் இல்லாத நேரத்தில் எதிரணிக்காரரின் பாதத்தின்மேல் கால் வைத்துவிட்டார். சில நிமிடத்தில் கணுக்கால் பந்துபோல வீங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் இடிக்கவில்லை, கீழே தள்ளவில்லை. இப்படியும் ஒரு சீசன் போகும். 2022ல்தான் முழுசாக மீண்டார், 1,312 யார்டு, ஜயன்ட்ஸ் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்கு வந்து ஒரு ஆட்டம் ஜெயிக்கவும் செய்தது. அவர் இருந்த ஆறு வருடத்தில் அந்த அணி பிளேஆஃப் பார்த்தது அந்த ஒரே முறைதான். மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள்.

2018ல் அவரை இரண்டாவதாக எடுத்ததே சரியா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அந்த வருடம் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மானிங்குக்கு 37 வயது. அதே டிராஃப்டில் ஏழாவதாக ஜாஷ் ஆலன் போனார், 32ஆவதாக லமார் ஜாக்சன் போனார், இருவரும் பிறகு எம்விபி என்ற, சீசனின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்கள். லைன் ஓட்டை, குவார்ட்டர்பேக்குக்கு வயதாகிவிட்டது, அந்த வீட்டுக்கு விலையுயர்ந்த ரன்னிங் பேக்கைக் கொண்டுவந்தது சுவர் எழும்புவதற்கு முன்னால் சரவிளக்கு வாங்கிய மாதிரிதான். பார்க்லி மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. அவரைக் கேட்டா எடுத்தார்கள்?

ரன்னிங் பேக்குகளை இவ்வளவு அலட்சியமாகப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வேர்கள். ஒன்று விதிமாற்றம். 1978ல் பந்து பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு மேல் போய் இடிக்கக்கூடாது என்றும், லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றும் மாற்றினார்கள். அதிலிருந்து எறியும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு எறிதலுக்குச் சுமார் 7 யார்டு வருகிறது, ஒரு ஓட்டத்துக்கு நாலரையைத் தொடவே திணறுகிறது, பிறகு எதற்கு ஓட வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 2013, 2014 இரண்டு டிராஃப்டிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை.

இன்னொரு வேர் டென்வரில். டெரல் டேவிஸ் என்ற ரன்னிங் பேக் 1995ல் ஆறாவது சுற்றில், 196ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 1998ல் 2,008 யார்டு ஓடி எம்விபி ஆனார், டென்வர் இரண்டாம் முறையாகத் தொடர்ந்து சூப்பர் பவுல் ஜெயித்தது. அடுத்த சீசனின் நான்காவது ஆட்டத்தில், எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, அவர்களைத் துரத்தப்போய் முழங்கால் போனது. லீக்கில் மொத்தமே 78 ஆட்டம்தான் ஆடினார். சோகக் கதைதான், ஆனால் மற்ற அணிகள் பார்த்தது அந்தச் சோகத்தை அல்ல. டேவிஸ் விழுந்த வருடமே ஒலாண்டிஸ் கேரி என்ற புதுமுகம் அதே லைனுக்குப் பின்னால் 1,159 யார்டு ஓடினார். அடுத்த வருடம் மைக் ஆண்டர்சன் என்ற இன்னொரு புதுமுகம், அவரும் ஆறாவது சுற்றுதான், 1,487. இரண்டு வருடம் கழித்து கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. ஆக ஓடுகிறவன் பெரிதில்லை, லைனும் திட்டமும்தான் பெரிது, மலிவாக ஒருத்தனைப் பிடித்துப் போட்டால் போதும் என்று ஒரு தலைமுறை மேலாளர்கள் முடிவு கட்டினார்கள்.

பெரிய தொகை கொடுத்துப் பார்த்த அணிகளுக்கும் அனுபவம் நன்றாக இல்லை. டாட் கர்லிக்கு 2018ல் ராம்ஸ் அணி 4.5 கோடி டாலர் உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் நீட்டித்தது, முழங்கால் தகராறு செய்ய 2020 மார்ச்சில் வெளியே அனுப்பியது. டாலஸ் 2019ல் எசீகியல் எலியட்டுக்கு ஆறு வருடத்துக்கு 9 கோடி டாலர் நீட்டிப்பு எழுதியது, நான்கு சீசனில் விட்டுவிட்டது. பிட்ஸ்பர்க்கின் லேவியான் பெல், அணி தனக்கு இரண்டாம் முறை டேக் போட்டபோது, 1.45 கோடி டாலரையும் வேண்டாம் என்று சொல்லி 2018 சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்தார். அந்த வருடம் அவருக்குப் பதில் ஓடிய ஜேம்ஸ் கானர் தேசிய நட்சத்திர ஆட்டத்துக்கே தேர்வானார். பெல்லின் ஆட்டம் அப்புறம் பழையபடி திரும்பவே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2023 மார்ச்சைப் பார்க்க வேண்டும். ஜயன்ட்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு வருடம், 16 கோடி டாலர். பார்க்லிக்கு டேக், ஒரு வருடம், ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல். அதே வருடம் குவார்ட்டர்பேக்குக்கு டேக் போட்டிருந்தால் 3.24 கோடி கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவு வித்தியாசம். டேக் போடப்பட்டவர்களோடு நீண்ட ஒப்பந்தம் பேசுவதற்கான ஜூலைக் கெடு முடிந்தபோது பார்க்லி, ஓட்டத்தில் முந்தைய வருடம் லீக்கிலேயே முதலிடம் வந்த ஜாஷ் ஜேக்கப்ஸ், டாலஸின் டோனி போலார்ட் மூவருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சில நாளில் ஆஸ்டின் எக்லர் என்ற ரன்னிங் பேக்கின் ஏற்பாட்டில் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் அழைப்பில் கூடிப் புலம்பினார்கள். வெளியே வந்து கிளீவ்லாண்டின் நிக் சப் சொன்னது எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றியது. நன்றாக ஆடினால் அதுவே எதிராகத் திரும்பும் ஆட்டநிலை எங்களுடையது மட்டும்தான், 2,000 யார்டு ஓடினால் அடுத்த வருடம் நீ தேய்ந்துவிட்டாய் என்பார்கள், எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் பேசினார். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் அவர் முழங்கால் சிதைந்த விதம் அவ்வளவு கொடூரமாக இருந்ததால் மறுஒளிபரப்பைக் காட்டவே தொலைக்காட்சிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

பார்க்லி கொஞ்சம் ஊக்கத்தொகை சேர்த்து அந்த ஒரு வருடத்துக்குக் கையெழுத்திட்டார். ஓடிக் கிடைத்தது அந்த 3.9. ஜோன்ஸ் கழுத்திலும் முழங்காலிலும் காயம்பட்டு உட்கார்ந்தார், லைன் வாரத்துக்கு ஒரு முகமாக இருந்தது. 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் மறுபடி டேக் போடாமல் விட்டது. அந்த வசந்தகாலத்தில் ஒரு ஆவணத் தொடருக்காக அணி அலுவலகத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது வேறு. சேக்வான் பிலடெல்ஃபியாவுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று உரிமையாளர் ஜான் மாரா தன் மேலாளரிடம் சொல்வதை ஊரே பார்த்தது. அங்கேதான் போனார், மூன்று வருடம், 3.77 கோடி டாலர், அதில் 2.6 கோடி உத்தரவாதம். ஜயன்ட்ஸுக்காக 1,201 முறை ஓடி 5,211 யார்டு எடுத்துவிட்டு, 27 வயதில்.

பிலடெல்ஃபியாவில் அவருக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் 2,005ஐப் பேச முடியாது. இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா, ஆறடி எட்டு அங்குலம், 165 கிலோவை ஒட்டிய எடை, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பார்க்லி வந்த அதே 2018 டிராஃப்டில் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். வலது ஓரத்தில் லேன் ஜான்சன். நடுவில் லாண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்கை பெக்டன். இவர்களுக்குப் பாடம் எடுத்த ஜெஃப் ஸ்டவுட்லண்ட் இந்தத் தொழிலில் பெரிய பெயர். இதோடு குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தானே ஓடக்கூடியவர். பந்தை பார்க்லியின் வயிற்றில் வைத்தபடியே ஓரத்தில் நிற்கும் எதிரியை ஹர்ட்ஸ் பார்ப்பார். அவன் பார்க்லி பக்கம் சாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தான் ஓடுவார், நின்றால் விட்டுவிடுவார். அந்த எதிரி அரை விநாடி தயங்கினால் போதும், ஐந்து பேர் தடுக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் தானாகவே கழிந்துவிடுகிறான். ஜயன்ட்ஸில் பின்வரிசையிலேயே முதல் இடியை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இங்கே முதல் நாலைந்து யார்டு யாரும் தொடாமலே கிடைத்தது. அதற்கப்புறம் அவர் செய்ததை லைன் செய்ய முடியாது, அது பார்க்லி மட்டுமே செய்யக்கூடியது. 10 யார்டில் முடிந்திருக்க வேண்டிய ஓட்டங்கள் 60, 70 யார்டு போயின.

முதல் ஆட்டம் பிரேசிலின் சாவோ பாவ்லோவில், கிரீன் பேக்குக்கு எதிராக மூன்று டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் மூன்று முறை போய்விட்டார். அடுத்த ஆட்டத்திலேயே அட்லாண்டாவுக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்தில், பக்கத்தில் ஆளே இல்லாமல் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார், பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும், விட்டதால் 22-21 என்று தோற்றார்கள். நவம்பர் 3 ஜாக்சன்வில் ஆட்டத்தில் நடந்ததுதான் எல்லோர் ஃபோனிலும் சுற்றியது. சின்ன பாஸ் ஒன்றைப் பிடித்து, ஒருவரை ஏமாற்றி, அடுத்தவரைச் சுழன்று தாண்டினார், சுழன்ற வேகத்தில் முதுகு முன்பக்கமாகத் திரும்பிவிட்டது. மூன்றாமவர் குனிந்து காலைப் பிடிக்க வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. முதுகைக் காட்டியபடியே எகிறி அந்த ஆளைத் தாண்டிவிட்டார். மேட்டன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமின் அட்டைப்படமாகவே அந்தத் தாவல் வந்தது. அதே மாதம் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 255 யார்டு.

ஒரு சீசனில் அதிக யார்டு ஓடியதற்கு எரிக் டிக்கர்சன் 1984ல் வைத்த 2,105 சாதனையை உடைக்க 101 யார்டு பாக்கி. மிச்சம் ஒரு ஆட்டம், எதிரணி, வேறு யார், ஜயன்ட்ஸ். ஆனால் ஈகிள்ஸின் பிளேஆஃப் இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் பயிற்சியாளர் நிக் சிரியானி அவரை உட்கார வைத்தார். நாற்பது வருடச் சாதனை, அதுவும் பழைய அணிக்கு எதிராக, கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில். எனக்கு வயிறெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் முடிவு சரியான முடிவு. இரண்டு வாரம் கழித்து பிலடெல்ஃபியா பனிப்பொழிவில் அதே ராம்ஸுக்கு எதிராக 62 யார்டும் 78 யார்டும் ஓடி இரண்டு டச் டவுன், மொத்தம் 205. பிப்ரவரி 9, அவருடைய 28ஆவது பிறந்தநாளில் சூப்பர் பவுல். அன்று கான்சஸ் சிட்டி அவரைத் தடுக்கவே ஆட்களைக் குவித்தது, 25 ஓட்டத்தில் 57 யார்டுதான். அதனால் ஹர்ட்ஸுக்கு வெளி கிடைத்தது, 40-22. பிளேஆஃபையும் சேர்த்தால் ஒரே சீசனில் 2,504 யார்டு, டேவிஸ் 1998ல் வைத்த 2,476ஐத் தாண்டிய சாதனை. அந்தச் சாதனைக்கு அவர் கொடுத்த விலை 436 ஓட்டம்.

ஜயன்ட்ஸ் பக்கம் அந்த வருடம் 3 வெற்றி, 14 தோல்வி. ஜோன்ஸை நவம்பரிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் பார்க்லியின் இடத்தில் ஓடியவர்களில் ஐந்தாவது சுற்றில் வந்த புதுமுகம் டைரோன் டிரேசி 839 யார்டு எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும், முந்தைய வருடம் பார்க்லி எடுத்ததிலிருந்து வெகுதூரம் இல்லை. ஜயன்ட்ஸ் கணக்குப்படி ரன்னிங் பேக்கை மலிவாக ஈடுகட்டலாம் என்பது உண்மையாகத்தான் இருந்தது. அவர்கள் கோட்டைவிட்டது வேறு இடத்தில். மிச்சம் பிடித்த பணத்தை லைனில் போடாமல் ஜோன்ஸ் மேல் போட்டார்கள். மற்ற எல்லாம் தயாராக இருக்கிற வீட்டில் நல்ல ரன்னிங் பேக் எவ்வளவு மதிப்புள்ளவன் என்பதை ஈகிள்ஸ் காட்டியது, ஆனால் அந்த நிலையில் இருக்கிற அணிகள் லீக்கில் நாலைந்துதான் தேறும்.

சூப்பர் பவுல் முடிந்த அடுத்த மாதமே, பழைய ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்போதே, ஈகிள்ஸ் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தது. 4.12 கோடி டாலர், அதில் 3.6 கோடி உத்தரவாதம். வருடத்துக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக். சந்தை திரும்பிவிட்டது என்று எழுதினார்கள், 30 வயது தாண்டிய டெரிக் ஹென்றிக்கு பால்டிமோர் வருடத்துக்கு 1.5 கோடி கொடுத்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பார்க்லிக்கு முன்னால் 2,000 தொட்ட எட்டுப் பேரில் ஒருவர்கூட அடுத்த சீசனில் 1,500ஐ எட்டவில்லை, அதிகபட்சம் பாரி சாண்டர்ஸின் 1,491. பார்க்லிக்கும் 2025 அப்படித்தான் தொடங்கியது. பெக்டன் போய்விட்டார், திட்டம் வகுத்த கெலன் மூர் நியூ ஆர்லியன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார், லைனில் மிச்சம் இருந்தவர்களுக்குக் காயம். முதல் ஏழு ஆட்டத்தில் ஒன்றில்கூட 100 யார்டு வரவில்லை, எட்டாவதில், மறுபடியும் ஜயன்ட்ஸ்தான், 150 வந்தது.

விதி மாறினால்தான் மற்றவர்களுக்கும் வழி பிறக்கும். ரன்னிங் பேக்குக்கு மட்டும் முதல் ஒப்பந்தத்தை மூன்று வருடமாகக் குறைக்கலாம், டேக்கை ஒரு முறையோடு நிறுத்தலாம் என்றெல்லாம் யோசனைகள் சுற்றுகின்றன. ஆனால் 53 பேர் கொண்ட அணியில் அவர்கள் மூன்று நான்கு பேர்தான், அவர்களுக்காகச் சங்கத்தின் மற்றவர்கள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். லீக்குக்கும் சங்கத்துக்கும் இப்போது இருக்கிற ஒப்பந்தம் 2030 சீசன் வரைக்கும் இருக்கிறது. 2023 டிராஃப்டில் எட்டாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் வந்த பிஜான் ராபின்சனுக்கும் ஜமீர் கிப்ஸுக்கும் அந்த சீசன் முடியும் சமயத்தில் 29 வயது ஆகிக்கொண்டிருக்கும்.